எங்கள் வேலியில் ஒரு நெருப்புப் பூ

பூச்செடிப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்தப் பத்திரிகையின் நேயர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகள் ஒரு பூவின் படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள். ஐரிஸ் என்று பெயர். மூன்று இதழ்கள் மேலே குவிந்து நிற்கின்றன. மூன்று இதழ்கள் கீழே மடிந்து தொங்குகின்றன. தொங்குகிற இதழின் நடுவில் பூனை மயிர்போல ஒரு தாடி! ஆமாம், தாடியேதான். இந்த வகைக்குத் தாடி ஐரிஸ் என்றே பெயராம். அதிலும் இரண்டேகால் அடிக்கு மேல் தண்டு உயர்ந்தால் அது உயர்ந்த ஜாதி. அவள் அனுப்பியது பெவர்லி சில்ஸ் என்ற பாடகியின் பெயர் வைத்த ரகம்; பவழமும் ரோஜாவும் குழைத்த வர்ணம். 1985இல் அந்த ஊர் ஐரிஸ்காரர்களின் பெரிய பரிசான டைக்ஸ் மெடலைத் தட்டிக்கொண்டு போனதாம். "பெரியம்மா, உங்களுக்கு ஒரு கிழங்கு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

ஆசை இல்லாமலா? ஆனால் விசாரித்துப் பார்த்ததில் அந்தச் சீமாட்டிக்கு வேண்டிய உபசாரங்கள் நம்மால் முடிகிறவையாக இல்லை. கிழங்கை மஞ்சள்போல முழுக்கப் புதைக்கக் கூடாது. முதுகில் வெயில் படும்படி பாதி வெளியே தெரிய நடவேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, பூ முடிந்ததும் தோண்டிப் பிரித்து நடவேண்டும். இவ்வளவும் செய்துவிடலாம். ஆனால் கடைசியாக ஒன்று கேட்கிறாள் பாருங்கள்: பனிக்காலம்! குளிரில் சில வாரங்கள் விறைத்துக் கிடந்தால்தான் அடுத்த வசந்தத்தில் பூமொட்டு எடுக்குமாம். எங்கள் ஊர் மார்கழிக் குளிர் ஒரு மேல்துண்டோடு போய்விடும். அதை நம்பி ஐரிஸை அழைத்து வந்தால் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். காஷ்மீரத்தில் சமாதிகளின் மேல் ஐரிஸ் நட்டு வைப்பது வழக்கம். அங்கே அதற்குக் குளிரும் உண்டு, வெயிலும் உண்டு. போதாதற்கு, அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடியையோ கிழங்கையோ விமானத்தில் கொண்டு வருவதும் சட்டப்படி குற்றம். "வேண்டாம் கண்ணு, நீ மட்டும் வந்தால் போதும்" என்று பதில் எழுதினேன்.

கிரேக்கர்களின் வானவில் தேவதைக்கு ஐரிஸ் என்று பெயர். சரி, அவர்கள் பூவுக்கு வானவில்லைச் சொன்னார்கள். நம்மிடம் இருப்பது நெருப்பு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இருப்பது சின்னசேலத்துப் பக்கம், நைனார்பாளையம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது எங்கள் விலாசத்தில் ஒரு வரி மாறிற்று; மண் அதே மண்தான். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும். கிணறு இருக்கிறவர்களுக்கு மரவள்ளியும் கரும்பும். மழை ஓய்ந்த நாளில் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை கரிக்கோடு இழுத்ததுபோலத் தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிளுவை வேலி. அந்த வேலியில், நான் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே, ஆடி பிறந்தால் ஒரு கொடி தலை தூக்கும். யாரும் நட்டதில்லை, என் மாமியாருக்கும் தெரியாது, அவருடைய மாமியார் நட்டிருக்கலாம்.

செங்காந்தள்தான் அது. எங்கள் பக்கம் கலப்பைக் கிழங்கு என்பார்கள். கண்வலிக் கிழங்கு என்றாலும் புரியும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கார்த்திகைப் பூ. மலையாளத்தில் மேந்தோன்னி. வடமொழியில் லாங்கலி, அதற்கும் கலப்பை என்றுதான் பொருள். கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏர்க்கலப்பை மாதிரி இரண்டு கையாக மடங்கி இருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் இது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்துக்கும் இதுதான் தேசிய மலர். அந்த நாடு தெற்கு ரொடீஷியாவாக இருந்த காலத்தில், 1947இல், இளவரசி எலிஸபெத்தின் 21ஆவது பிறந்த நாளுக்கு அங்கிருந்து வைரத்தில் செய்த செங்காந்தள் பூ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1977இல் நம் தபால் இலாகாவும் இதற்கு ஒரு தபால்தலை போட்டது. கபிலர் மட்டும் என்ன, குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டுப் பெண்கள் பறித்துக் குவித்த பூக்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் காந்தளைத்தான் சொன்னார்.

பெருமை போதும். பூவைப் பாருங்கள். மொட்டு பச்சையாகத் தலை குனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக மடிந்து மேலே நிமிர்ந்துவிடும். முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். மறுநாள் நுனியில் சிவப்பு பற்றும். அப்புறம் நாளுக்கு நாள் அந்தச் சிவப்பு அடிவரைக்கும் இறங்கி, ஒரு வாரத்தில் பூ முழுவதும் குங்குமமாக நிற்கும். இதழ் ஓரம் அலை அலையாக நெளிந்திருப்பதால், காற்று அடிக்கும்போது யாரோ வேலியில் தீ வைத்துவிட்டதுபோல இருக்கும். ஒரே கொடியில் பச்சை மொட்டு, மஞ்சள் பூ, பாதி சிவந்தது, முழுக்கச் சிவந்தது என்று நாலு பருவத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். மணம் கிடையாது. மணம் வேறு இருந்தால் யார் தாங்குவது?

இன்னொரு அதிசயம் அதன் இலை. இதற்கென்று தனியாகப் பற்றுக்கம்பி ஒன்றும் கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, அருகில் எது அகப்பட்டாலும் சுற்றிக்கொள்ளும். வேலிக்கம்பு அகப்பட்டால் வேலி, சோளத்தட்டை அகப்பட்டால் தட்டை. ஒரு வருஷம் கொடிக்கயிற்றில் காயப்போட்ட என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. விடுவித்து எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

இதை வளர்ப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதலாவது, விதையிலிருந்து வேண்டாம். முளைக்கத் தாமதமாகும், முளைத்தாலும் கிழங்கு தேறிப் பூப்பதற்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். கிழங்கு 50, 60 கிராம் எடையில் இருந்தால் அந்த வருஷமே பூக்கும். ஆனால் கிழங்கைக் கையாளும்போது ஒரு ரகசியம் தெரிந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். எங்கே நறுக்கினாலும் ஒரு கண் தப்பும். காந்தளுக்கு அப்படியில்லை. ஒரு கைக்கு ஒரே ஒரு முளைதான், அதுவும் நுனியில். அந்த நுனி ஒடிந்ததோ, மற்றதெல்லாம் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் வெறும் கட்டைதான். கிழங்கோ கண்ணாடி வளையல்போல லேசில் முறிகிற பதார்த்தம். அதனால் மண்வெட்டி எடுக்கக் கூடாது. களைக்கொத்தால் ஒரு சாண் தள்ளியே கிளறி, கடைசியில் விரலால் மண்ணை விலக்கித்தான் எடுக்கவேண்டும். இரண்டு கைகளையும் பிரித்துத் தனித்தனியே நட்டால் இரண்டு செடியாகும்.

செம்மண் அதற்குப் பிரியம். தண்ணீர் வடியாத களிமண்ணில் அழுகும். ஐரிஸ் சீமாட்டியோடு இந்த ஒரு குணத்தில் மட்டும் ஒற்றுமை. ஆனி, ஆடியில் நாலு விரற்கடை ஆழத்தில் படுக்கை வசமாகப் புதைத்து, பக்கத்திலே ஏறுவதற்கு ஏதாவது கொடுத்தால் போதும். முளை வரும்போது அதன் நுனியைக் கோழி கொத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த பிறகு பத்தடி வரைகூட ஏறும். புரட்டாசியிலிருந்து பூ. கார்த்திகையில் ஜொலிப்பு. தை பிறக்கும்போது காய் வெடித்து, உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு மணிகளாக விதை தெரியும். அத்தோடு கொடி காய்ந்து, வைக்கோல்போலாகி, ஒரு காற்றில் காணாமலே போய்விடும்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். மாசியிலிருந்து வைகாசிவரை அது தூங்குகிறது. அந்த வருஷம் நட்ட பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதன் பக்கத்தில் புதுக்கிழங்கு உண்டாகியிருக்கும். அந்தப் புதுக்கிழங்கு மண்ணுக்குள் வெயிலைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். இந்த நாலு மாதமும் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். எத்தனையோ நல்ல மனசுக்காரர்கள், 'ஐயோ, கோடையில் காய்கிறதே' என்று தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியே இதைக் கொன்றிருக்கிறார்கள். தூக்கத்தில் தண்ணீர் அதற்கு விஷம். ஐரிஸுக்குப் பனியில் ஓய்வு. நம் காந்தளுக்கு அக்னி நட்சத்திரத்தில் ஓய்வு. அந்தந்த ஊர்ப் பெண்பிள்ளை அந்தந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்குத் தகுந்தபடிதான் தூங்குவாள்!

இதைக் கொல்லையில் வைத்துக்கொண்டு ரசிக்கிறவள் நான். பயிராகவே போட்டுப் பிழைக்கிறவர்களும் உண்டு. திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம், திண்டுக்கல் பக்கத்து ஒட்டன்சத்திரம், கரூர் பக்கத்து அரவக்குறிச்சி, நம் கிழக்கே ஜெயங்கொண்டம் என்று பல ஊர்களில் ஏக்கர் கணக்கில் கண்வலிக் கிழங்கு சாகுபடி நடக்கிறது. கிளுவைப் போத்தும் விராலிக் குச்சியும் கம்பியும் கட்டிக் கொடியை ஏற்றுகிறார்கள். பூவுக்காக அல்ல, விதைக்காக. அந்த வேலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காந்தள் பூவின் சூல்தண்டு, மகரந்தத்தோடு சேர்ந்து நிற்காமல், அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்போல. தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு சூல்முடியிலும் தொட்டு வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பூ! கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு ஜோடி சேர்த்திருக்க மாட்டார்கள். விதை விலையோ ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருப்பதில்லை. ஏறினால் வீடு கட்டலாம், இறங்கினால் கிழங்கு வாங்கிய கடன் நிற்கும். விதைக்கிழங்குக்கே பெரிய முதல் வேண்டும் என்பதால், காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்கிற வழக்கமும் பல இடங்களில் வந்து, தானாக முளைத்துக் கிடந்தது குறைந்துபோயிற்று.

விதையை வாங்கி என்ன செய்கிறார்கள்? கோல்சிசின் என்ற மருந்துச் சத்து அதில் இருக்கிறது. கட்டைவிரல் மூட்டு வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்று அலறுவார்களே, அந்த 'கௌட்' என்கிற வாதத்துக்கு அது பழைய காலத்திலிருந்து கைகண்ட மருந்து. அது மட்டுமல்ல. 1937இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தக் கோல்சிசினைச் செடியின் முளையில் தடவினால் செடியின் குரோமோசோம்கள் இரட்டிப்பாவதைக் கண்டுபிடித்தார்கள். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே இருக்கும் சரக்கையும் இரட்டிப்பாக்கி, ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொள்ள நூல் கட்டும். கோல்சிசின் அந்த நூலைக் கட்டவிடாது. பாகம் பிரிக்க உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் பிரியாமலே ஒரே வீட்டில் இருந்துவிட்டால் சொத்து இரட்டிப்பாகத்தானே இருக்கும்? அப்படி இரட்டிப்பான செடிகளில் தடித்த இதழும் பெரிய பூவும் வரும். நியூயார்க்கில் கரியர் மெக்யூவன் என்று ஒரு டாக்டர் இருந்தார். மூட்டுவாத நிபுணர், பெரிய வைத்தியக் கல்லூரியின் தலைவராகவே இருந்தவர். நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற அதே மருந்தைத் தோட்டத்திலும் பிரயோகித்து, 1960களில் சைபீரிய ஐரிஸ் என்ற வகையில் புதுப் பெரும்பூக்களை உண்டாக்கினார். ஆக, என் தங்கை மகள் படம் பிடித்த பூவின் உறவுக்காரிகளுக்கும் எங்கள் கிளுவை வேலிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது!

இனிமேல் சொல்லப் போவது சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியதல்ல.

உயிரணு பிரிவதைத் தடுக்கிற சத்து செடிக்கு மட்டுமா தடுக்கும்? மனிதன் வயிற்றுக்குள் போனால், உடம்பில் எங்கெங்கே அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் கை வைக்கும். குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் காலரா மாதிரி வாந்தியும் பேதியும். அது கொஞ்சம் நின்றதுபோல ஏமாற்றிவிட்டு, இருதயம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். பிழைத்து எழுந்தவர்களுக்கும் ஒரு வாரம் இரண்டு வாரத்தில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். முறிவு மருந்து என்று வழக்கத்தில் ஒன்றும் இல்லை. கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம். நம் வைத்திய நூல்களில் இதை விஷ மூலிகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்து ஆபத்துக்கு ஆளானவர்கள் இலங்கையிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். மரவள்ளியும் சேனையும் தோண்டுகிற எங்கள் ஊரில் இந்த ஆபத்தை நான் விளக்க வேண்டுமா?

இத்தனை வருஷம் இது எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். 'தொடாதே, அது கலப்பைக் கிழங்கு' என்ற ஒரு வார்த்தையிலேயே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் போன வருஷம் என் மகன் சென்னை வேலையை விட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டான். பேரனுக்கு அப்போது பதினாலு மாதம். கண்ணில் பட்டதெல்லாம் வாயில் போகிற வயசு. வந்த மூன்றாம் நாள் காலை, மருமகள் காப்பி டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அத்தை, வேலியில் இருக்கிற அந்தச் செடியைப் பற்றிப் படித்தேன். எனக்கு ராத்திரி தூக்கமில்லை."

"ஏன் கண்ணு, உன் வீட்டுக்காரன் அதன் பக்கத்தில்தானே கோலிக்குண்டு விளையாடினான்?"

"அது சரி அத்தை. உங்களை மறுத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். குழந்தை உங்களுக்கும் பேரன்தானே?"

இதற்கு மேல் என்ன பேசுவது? பக்கத்து வீட்டுக்காரி வேறு சமயம் பார்த்து, "நான் அப்பவே சொன்னேனே அக்கா, அந்தச் செடி இருக்கிற வீட்டில் சண்டை வரும் என்று" என்றாள். சண்டை போடச் செடி எதற்கு, எங்கள் வீட்டில் ஆட்கள் போதாதா என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்: "பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடு." குப்பையில் போட்டால்? மாடு மேயும். மழை வந்தால் அங்கேயே முளைக்கும். யாராவது ஏழைப்பட்டவள் கிழங்கைப் பார்த்து எடுத்துப் போனால்? கண்ணில் படுகிற கொடியைவிட, கொடி இல்லாமல் கிடக்கிற கிழங்குதான் பயங்கரம். கொடி இருந்தால் இது இன்னதென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெறும் கிழங்குக்கு நெற்றியில் பெயர் எழுதியா இருக்கிறது?

நான் மருமகளிடம் ஒரே ஒரு தவணை கேட்டேன். "தை வரைக்கும் பொறு. கொடி காயட்டும். அதற்குள் குழந்தை கொல்லைக்குப் போகாமல் கதவுக்குத் தாழ் போடுவோம். காய் ஒன்றுகூட வெடிக்க விடாமல் நானே கத்தரித்து எரித்துவிடுகிறேன். தூங்குகிற சமயத்தில் எடுத்தால்தான் ஒன்று விடாமல் எடுக்கலாம்." அவள் யோசித்துவிட்டு, "எண்ணி எடுக்க வேண்டும் அத்தை. நானும் கூட இருப்பேன்" என்றாள். படித்த பெண் அல்லவா? எண்ணிக்கை என்ற வார்த்தை எனக்கு எட்டவில்லை, அவளுக்கு எட்டியது.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஒவ்வொரு கொடியும் மண்ணைவிட்டு வரும் இடத்தில் ஒரு கிளுவைக் குச்சியை ஊன்றி, குச்சித் தலைக்குச் சிவப்புச் சாயம் அடித்து வைத்தோம். கொடி மறைந்தாலும் குச்சி நிற்கும். ஒன்பது குச்சிகள். மாசி முதல் வாரம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, காலையிலிருந்து மத்தியானம்வரை மண்ணைக் கிளறினோம். ஒன்பது குச்சிக்கும் அடியில் ஒன்பது கலப்பை இருந்தது. எட்டு முழுசு, ஒன்றுக்கு மட்டும் ஒற்றைக் கை. பிரித்து எண்ணினால் 17. கல்யாண நகையை எண்ணுகிறதுபோல அவள் ஒரு தரம், நான் ஒரு தரம். பிறகு அந்த மண்ணை இரண்டடி ஆழம் வெட்டி, நெல் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தோம். அந்தச் சல்லடையை அப்புறம் வீட்டுக்குள் எடுத்து வரவில்லை.

17 கிழங்கையும் உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி, பூட்டுப் போட்டு மோட்டார் ரூமில் மேல் தட்டில் வைத்தோம். சாவி மருமகளிடம். ஆனியில் முதல் மழை பெய்தவுடன், வீட்டிலிருந்து எட்டவே இருக்கும் கிணற்று மேட்டு வேலியில் நட்டோம். குழந்தை நடந்து போகிற தூரமில்லை. வழிப்போக்கர் கை படுகிற இடமுமில்லை. களை எடுக்க வருகிற பெண்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவர்களில் வயசான ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்: "இது எனக்குத் தெரியாதா ஆத்தா? எங்க ஆயா காலத்திலேயே இதுக்குக் கிட்டப் போகமாட்டோம்." அவளுக்குத் தெரியும். அவள் பேத்திக்குத் தெரியுமோ என்று அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதை வளர்க்க ஆசைப்படுகிற நேயர்களுக்கும் நான் சொல்வது இதுதான். தவழ்கிற குழந்தையும், எதையும் கடிக்கிற கன்றுக்குட்டியும், கண் மங்கிய பெரியவர்களும் இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். வைத்தால் நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோண்டிய கத்தியைச் சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள், கைவைத்தியம் வேண்டாம். செடியில் ஒரு துண்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தின்றது இன்னதென்று காட்டுங்கள். இந்த விஷயத்தில் மணிக்கணக்கு முக்கியம். காட்டில், மலையில் பார்த்தால் தோண்டாதீர்கள். வேண்டுமென்றால் பயிரிடுகிறவர்களிடம் விலைக்கு வாங்குங்கள்.

நட்ட 17இல் 16 முளைத்தன. முளைக்காத ஒன்றை மருமகள் விடவில்லை. "அது எங்கே போயிற்று என்று பார்த்துவிட வேண்டும் அத்தை" என்றாள். தோண்டினோம். அங்கேயேதான் இருந்தது, நுனி முளை அழுகி, கட்டையாகிக் கிடந்தது. எடுத்து எரித்தோம். கணக்கு நேரான பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

இந்தக் கார்த்திகையில் கிணற்று மேட்டு வேலி முழுக்க நெருப்பு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் மருமகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நான் கூப்பிடாமலே, பார்க்க வந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் கிட்டே வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. பையன் கையை நீட்டி "பூ" என்றான். "பார்க்கலாம், தொடக் கூடாது" என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். பிறகு என்னிடம், "குச்சி ஊன்றியாயிற்றா அத்தை?" என்று கேட்டாள்.

பதினாறும் ஊன்றியாயிற்று.